சிலாமாத்தே மரம் இருந்த இடத்தில் யாஹோஸ்காவின் கடை

அன்புள்ள தங்கச்சி மெல்பாவுக்கு, மனாகுவாவிலிருந்து உன் அண்ணன் நிக்கானோர் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனால் என் எழுத்துகளுக்குக் கோட்டின் மேல் உட்காரப் பிடிக்கவில்லை. வரி நேராகத்தான் புறப்படுகிறது, பாதி வழியில் ஏரிப்பக்கம் சரிந்துவிடுகிறது. ஒரு எழுத்து பூசணிக்காய் அளவு, பக்கத்து எழுத்து கடுகு அளவு. அண்ணனுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதோ என்று பயப்படாதே, கை கெட்டியாகத்தான் இருக்கிறது. நாற்பது வருஷம் வண்டியில் ஐஸ் சுரண்டிய கை, பென்சிலையும் அதே பலத்தோடு பிடிக்கிறது, அதனால் ஒரு பென்சில் ஏற்கெனவே ஒடிந்துவிட்டது. தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டே படிக்கலாம், அவ்வளவு அழுத்தம். நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இந்த ஒரு கேள்வியை எழுதவே காலைக் காப்பியிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஆனது, ஆகவே மனப்பூர்வமாகக் கேட்டதாக எடுத்துக்கொள்.

இதற்கு முன்பு என் பெயரில் உனக்கு வந்ததெல்லாம் மருந்துக்கடை அபெலினோ எழுதியது. நான் அரை மணி நேரம் சொல்வேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு வரி எழுதுவார். போன தடவை நீ ஊருக்கு வந்தபோது பழைய கடிதங்களை விட்டுவிட்டுப் போனாயே, அவற்றை இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். எர்லிண்டா போனபோது நான் அழுது அழுது சொன்னதெல்லாம் அவர் கையில் எப்படி ஆகியிருக்கிறது, பார்: "மனைவி காலமானார். இவ்வருடம் மழை போதுமானது." அவ்வளவுதான், தங்கச்சி. ஆறு வருஷமாக நீ என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்திருப்பாய். எழுபத்திரண்டு வயதில் நான் வகுப்புக்குப் போனதற்கு வேறு காரணமே வேண்டாம்.

போனில் பேசலாமே என்பாய். போன் மகள் யாஹோஸ்காவுடையது, பேசும்போது அவள் பக்கத்தில் இருப்பாள். விஷயமே அவளைப் பற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதில் பாதி என் காதில் விழுந்தது. ஜன்னல் ஓரக் கட்டில் தயாராக இருக்கிறது, நல்ல வீடு ஒன்றில் ஆள் கேட்கிறார்கள், புனித வாரம் முடிந்ததும் புறப்பட்டு வா என்று சொன்னாய். அவள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள், மீதி கேட்கவில்லை. மறுநாளே பென்சிலைக் கையில் எடுத்துவிட்டேன். நீ நல்ல மனசோடுதான் சொல்கிறாய். பதினொரு வருஷம் கம்பெனியில் சட்டைக்கு இடது கை மட்டும் தைத்துக்கொண்டிருந்தவளை ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டார்கள், அப்போது "அத்தை இருக்கேன், வந்துடு" என்று சொன்னவள் நீ ஒருத்திதான், அதை மறக்கமாட்டேன். அவளும் உடனே பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். ஆனால் போவதற்கு முன்னால் ஒருமுறை சொந்தமாகப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துப் பார்க்க ஆசைப்பட்டாள். "ஸ்கூல் திறக்கிற வரைக்கும் பாக்கறேன்ப்பா. கடை ஓடிச்சுன்னா இருக்கேன். ஓடலைன்னா சான் ஹொசேல அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறிடறேன்" என்றாள். இந்த வீட்டில் இப்போது இருப்பது நானும் அவளும்தான். அதனால் கடை ஓடியாக வேண்டும், கடை ஓட வேண்டுமென்றால் இடம் சரியாக அமைய வேண்டும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவன் நான். இனிமேல் அவளை அங்கிருந்து யாராலும் நகர்த்த முடியாது என்பதை உனக்கு விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அவள் கேட்டது நம் வீட்டு முன்னறையைத்தான். மெஷினை ஜன்னல் பக்கம் போட்டால் போதும் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டு முகவரியை நீயே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார். நிலநடுக்கத்தில் விழுந்த சினிமாக் கொட்டகை இருந்த இடத்திலிருந்து ஏரிப்பக்கம் மூன்று தெரு, அங்கிருந்து மேலே ஒன்றரைத் தெரு, மஞ்சள் கேட். கேட்டுக்குப் பச்சை அடித்து ஒன்பது வருஷம் ஆகிறது, இருந்தாலும் மஞ்சள் கேட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வகுப்பில் இலியானா டீச்சர் அவரவர் முகவரியை எழுதச் சொன்ன அன்றைக்கு மற்றவர்கள் எழுதி முடித்து வீட்டுக்கே போய்விட்டார்கள், நான் இன்னும் சினிமாக் கொட்டகையைத் தாண்டவில்லை. டீச்சர் மலைநாட்டுப் பெண், ஊருக்குப் புதுசு. மேலே என்றால் சூரியன் வருகிற பக்கம், கீழே என்றால் சூரியன் போகிற பக்கம் என்பதையே அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "தாத்தா, இந்த சினிமாக் கொட்டகை எங்க இருக்கு?" என்று கேட்டார். அது 1972 நிலநடுக்கத்திலேயே விழுந்துவிட்டது என்றேன். "அப்ப எப்படி அங்கேருந்து கணக்கு வைக்கிறீங்க?" என்றார். வேறு எங்கிருந்து வைப்பதாம்? விழுந்தாலும் அது அங்கேதானே விழுந்தது.

ஆக, ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய இடமாக வேண்டும் என்று முடிவு செய்து தெருத்தெருவாகத் தேடினேன். பெரிய பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு அறை காலியாக இருந்தது, இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று நினைத்து உள்ளே போனால் நாலு சுவரிலும் என் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. இது என்ன என்று கேட்டேன், பெயின்ட்காரர் போட்ட டிசைன் என்றான் வீட்டுக்காரன். டிசைனுக்குக் கீழே ஒரு காய்ந்த மீன் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் போகிற மழைநீர்க் கால்வாய் அக்டோபரில் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது. அடுத்ததாக ஒரு இடம், வெளிச்சம் நல்லது, காற்று நல்லது, ஆனால் பக்கத்தில் சவப்பெட்டிக் கடை. எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை, அமைதியான அண்டைவீட்டார் என்றுகூடச் சொன்னேன். யாஹோஸ்காதான் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, எந்த அம்மா தன் பிள்ளையைக் கூட்டிட்டு வந்து, அந்தக் கடைப் பக்கத்துல நிக்கவெச்சு, தலையிலேருந்து கால் வரைக்கும் டேப் வெச்சு அளக்க விடுவா?" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. அங்கே நின்றிருந்த இரண்டு நிமிஷத்தில் கடைக்காரர் என்னையே ஒருமுறை கண்ணால் அளந்து பார்த்துவிட்டார்.

கடைசியில்தான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் ஐஸ் வண்டி தள்ளியவனுக்கு ஜனங்கள் எங்கே நிற்பார்கள் என்று தெரியாதா? நிழல் இருக்கும் இடத்தில் நிற்பார்கள். நின்றால் சுற்றிப் பார்ப்பார்கள், சுற்றிப் பார்த்தால் ஏதாவது கேட்பார்கள். நம் பேட்டையில் பெரிய நிழல் எது? சிலாமாத்தே மரம். நீ சின்ன வயதில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாயே, அதே மரம்தான். அதற்கு நேர் கீழே தோன்யா கார்லோத்தாவின் வீட்டோடு சேர்ந்த அறை பூட்டிக் கிடந்தது. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "தோன் நிக்கானோர், நாப்பது வருஷமா என் வாசல்ல வண்டிய நிறுத்துனீங்க, ஒருநாளாவது எனக்கு ஒரு ஐஸ் சும்மா குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். டிசம்பர் தொடக்கத்தில் கடை திறந்தோம். பூரிசிமா அன்று மாதாவுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கரும்புத் துண்டு, இனிப்பு, கூடவே ஒரு சீட்டு கொடுத்தேன். எல்லாச் சீட்டும் நான் எழுதியது: "யாஹோஸ்கா, பள்ளி யூனிபார்ம், சிலாமாத்தே மரத்தடியில்." எண்பது சீட்டு எழுதினேன், மெல்பா. எண்பதாவது சீட்டில் என் கையெழுத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் அம்மாக்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதையெல்லாம் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி இரண்டாவது வாரம் ஒரு லாரி வந்தது. மின்கம்பியில் கிளை உரசுகிறதாம். ஒரு கிளையைத்தான் வெட்டப்போகிறார்கள் என்று நினைத்து நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். மத்தியானம் ஆவதற்குள் நான் நாற்காலியோடு எதிர்ச்சாரிக்கே போயிருந்தேன், மரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு அடிக்கட்டையும் அதன்மேல் கொஞ்சம் மரத்தூளும்தான் இருந்தது. வெயில் நேராக வந்து கடையின் தகரத்தில் இறங்கியது. மெஷின் தொட முடியாமல் சுட்டது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை சீட்டுதான். எண்பது வீட்டில் "மரத்தடியில்" என்று என் கையெழுத்து இருக்கிறது, மரமோ லாரியில் போகிறது. எழுதத் தெரியாத காலத்தில் நான் பொய் சொன்னால் காற்றோடு போகும். இப்போது எழுத்தில் அல்லவா நிற்கிறது?

அன்று சாயங்காலம் வகுப்பில் டீச்சர் சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினார், நகராட்சியுடையது. நம் பேட்டையைத் தேடிப் பிடித்து விரலை ஓட்டிக்கொண்டே போனால், மெல்பா, சிலாமாத்தே தெருவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பதினேழாம் தென்கிழக்குத் தெரு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம், யாராவது ஒருவர் நமக்குச் சொன்னார்களா? தோன்யா கார்லோத்தாவின் பழைய பத்திரத்தைக் கேட்டு வாங்கி வாசித்தேன், வீட்டுக்கு எண்ணும் இருக்கிறது, 1147. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரத்தை வெட்டலாம், எண்ணை யார் வெட்டுவார்கள்? பெரிய போர்டில் நானே எழுதி மாட்டினேன், புதிதாக அறுபது சீட்டும் எழுதி, கோயில் வாசல், ரொட்டிக்கடை, பஸ் நிறுத்தம் என்று எல்லா இடத்திலும் கொடுத்தேன். யாஹோஸ்கா அப்போதே சொன்னாள், "மரம் இருந்த இடம்னும் கூட எழுதுங்கப்பா, யாருக்குமே நம்பர் தெரியாது" என்று. இல்லாத ஒன்றை எழுத்தில் எழுதக்கூடாது என்று அவளுக்கு நான் பாடம் நடத்தினேன்.

அதற்குப் பிறகு புதிதாக ஒருவரும் வரவில்லை. பழைய சீட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் மரம் இருந்த இடத்துக்கு நேராக வந்து சேர்ந்தார்கள், அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. புதுச் சீட்டு வாங்கியவர்கள் எங்கே போனார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு அம்மா நாலு பிள்ளைகளோடு மாட்டு டாக்டரிடம் போய் நின்றாளாம். ஒரு போலீஸ்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மனாகுவா இல்லை, வேறு நாட்டு முகவரி என்று சொல்லி அனுப்பினாராம். பள்ளி திறக்க மூன்று வாரம்கூட இல்லை, தைத்த பாவாடைகள் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன, யாஹோஸ்கா ஓடாமல் நிற்கும் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் ரப்பர் தேய்ந்துவிட்டது, எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, நான் அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். போர்டின் மேல் யாஹோஸ்கா ஒரு மாதிரிப் பாவாடையை மாட்டியிருந்தாள், எண் மறைந்திருந்தது. ஒரு டாக்சி வந்து நின்றது. ஜன்னலில் ஒரு கன்னியாஸ்திரீ. அவர் நெஞ்சில் ஒரு பள்ளிக்கூட பேட்ஜ் குத்தியிருந்தார், அதில் சின்னச் சின்ன எழுத்து. உனக்குத் தெரியும், எழுத்தைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. "சாந்தா" வரை சுலபமாக வந்துவிட்டது. அடுத்த வார்த்தைதான் ரயில் மாதிரி நீளம். நான் "எஸ்… கொ…" என்று பெட்டி பெட்டியாக ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் என்னவோ கேட்கிறார். "பெரியவரே, பதினேழாம் தென்கிழக்குத் தெரு, ஆயிரத்து நூற்று நாப்பத்தேழு எங்க இருக்கு?" எனக்கு வார்த்தை விட்டுப்போய்விடுமே என்று அவசரம். அப்படி ஒரு தெரு நம் பேட்டையிலேயே கிடையாது சிஸ்டர், ஏரிப்பக்கம் போய், பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் விசாரியுங்கள் என்று கையை நீட்டிக் காட்டினேன். நன்றி சொன்னார். டாக்சி திரும்புவதற்குள் கடைசிப் பெட்டியிலும் ஏறிவிட்டேன். எஸ்கொலாஸ்திக்கா. சாந்தா எஸ்கொலாஸ்திக்கா. என் வாழ்க்கையில் நான் வாசித்த வார்த்தைகளிலேயே நீளமானது அதுதான்.

உள்ளே ஓடிப் போய் யாஹோஸ்காவிடம் சொன்னேன். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கரை மடித்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தினாள்.

"யாரு வந்தா?"

"ஒரு சிஸ்டர்மா. பேட்ஜ்ல சாந்தா எஸ்கொலாஸ்திக்கான்னு போட்டிருக்கு. ஒரே தடவையில படிச்சுட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"ஏதோ ஒரு தெரு. நம்ம பக்கம் இல்லாத தெரு. ஆயிரத்து நூற்று நாப்பத்தேழுன்னு…"

அந்த எண் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒருத்தி அந்தப் பள்ளியில் இப்போது சமையல் வேலையில் இருக்கிறாள், விடுதிப் பிள்ளைகள் அறுபது பேருக்கும் யூனிபார்ம் தைக்க ஆள் தேடுகிறார்கள், சிஸ்டரே நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லியிருந்தாளாம். காலையிலிருந்து யாஹோஸ்கா காத்துக்கொண்டிருந்தது அந்த சிஸ்டருக்குத்தான். என்னிடம் சொன்னால் நான் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று சொல்லாமல் வைத்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள், எல்லாவற்றையும் குத்தி முடித்துவிட்டு, "பரவாயில்லைப்பா. அத்தைக்குப் போன் பண்ணி எந்தக் கிழமை பஸ்ஸுன்னு கேட்டுக்கறேன்" என்றாள். அந்தக் குண்டூசிகளை எண்ணச் சொன்னால் இப்போதும் எண்ணிச் சொல்வேன்.

கம்பியிலிருந்து ஒரு பாவாடையை உருவி மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். சிஸ்டரின் பெயர் தெரியாது, டாக்சி எண் தெரியாது, ஆனால் பள்ளியின் பெயர் முழுசாகத் தெரியும், ஒரு எழுத்து குறையாமல். பஸ் நிறுத்தத்தில் கேட்டேன், பால் கம்பெனி இருந்த இடத்திலிருந்து மலைப்பக்கம் இரண்டு தெரு என்றார்கள். பால் கம்பெனி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா, அதன் வாசலில் எத்தனை வருஷம் வண்டி நிறுத்தியிருக்கிறேன். இரண்டு பஸ் மாறி, நடந்து, வெள்ளைக் கேட்டின் மேல் அந்த நீள வார்த்தையைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் சிஸ்டரின் டாக்சி வந்தது. அவர் பெயர் சிஸ்டர் பெனில்டா. இறங்கும்போது முகம் சிவந்திருந்தது, பாதத்தில் எல்லாம் புழுதி.

"நீங்க அந்த மரக்கட்டை மேல உக்காந்திருந்த பெரியவர்தானே?"

"ஆமா சிஸ்டர். நீங்க தேடின கடை என் பொண்ணுடையது. நான் அதோட வாசல்லதான் உக்காந்திருந்தேன்."

அவர் பாதப் புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "டாக்சிக்காரர் என்னை மூணு பேட்டை சுத்திக் காட்டி, கடைசியில ஒரு கோழிப் பண்ணையில கொண்டுபோய் நிறுத்தினார். கோழிக்காரரும் அப்படி ஒரு தெரு இல்லைன்னுதான் சொன்னார்" என்றார். நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மரம் போனது, எண்ணைக் கண்டுபிடித்தது, பேட்ஜை வாசித்துக்கொண்டிருந்தது, எல்லாம். பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், வாயில்காப்பவர் நாற்காலி கொண்டுவந்து போடும்வரை நிறுத்தவில்லை. பிறகு பாவாடையை வாங்கி, உள்பக்கம் திருப்பி, தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். அது சிரிப்புப் பார்வை இல்லை. இரண்டு மடிப்பையும் இழுத்துப் பார்த்தார். "கை நல்லா இருக்கு. நாளைக்கு வரேன். இடம் எங்கன்னு சொல்லுங்க, இந்தத் தடவை ஒழுங்கா" என்றார்.

"சிலாமாத்தே மரம் இருந்த இடம், சிஸ்டர்."

"அடக் கடவுளே, இதை எழுதியிருந்தா நான் கண்ணை மூடிட்டு வந்திருப்பேனே. சின்னப் பொண்ணா இருக்கும்போது அந்த நிழல்லதான் ஐஸ் வாங்கித் தின்போம். அந்த ஐஸ்காரர் சிரப்பை ஊத்தவே மாட்டார், காட்டிட்டு எடுத்துடுவார்" என்றார்.

அந்த ஐஸ்காரர் யார் என்று நான் சொல்லவில்லை, தங்கச்சி. ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும்.

மறுநாள் அவர் வந்தார், அறுபது பிள்ளைகளின் அளவும் வந்தது, யாஹோஸ்கா பழைய கம்பெனித் தோழிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்து இரவு பகலாகத் தைத்து, பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் கொடுத்தாள். அதைப் பார்த்து மற்ற அம்மாக்களும் வந்தார்கள். நானும் போர்டில் எண்ணுக்குக் கீழே "மரம் இருந்த இடம்" என்று எழுதிவிட்டேன். இப்போது விஷயம் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? மரத்தையே ஜனங்கள் மறந்துகொண்டு வருகிறார்கள். டாக்சிக்காரர்கள் "யாஹோஸ்கா கடையிலேருந்து மேல ஒரு தெரு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கும் அபெலினோவின் கடைக்கே இப்போது வழி, யாஹோஸ்கா கடையிலிருந்து கீழே அரைத் தெரு. அவர் வந்து, "என்னய்யா நிக்கானோர், நேத்து வந்த கடையை வெச்சு என் கடைக்கு வழி சொல்றாங்க, இது அடுக்குமா?" என்று சண்டை போட்டார். மழை போதுமானது என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

ஆகவே மெல்பா, நான் சொல்வதைக் கேள். இந்த இடம் லேசாக அமைந்த இடம் இல்லை. கால்வாயைத் தாண்டி, சவப்பெட்டியைத் தாண்டி, மரம் போய், எண் போய், கன்னியாஸ்திரீயைக் கோழிப் பண்ணைக்கு அனுப்பி அமைந்த இடம். கடையின் பெயரே வழியாகிவிட்டது. இதிலிருந்து அவளைப் பிடுங்கினால் பேட்டையில் பாதிப் பேருக்கு வீடு தெரியாமல் போய்விடும். அந்த ஜன்னல் ஓரக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடு, அந்த நல்ல வீட்டுக்காரர்களிடம் என் வணக்கத்தைச் சொல்லி வேறு ஆள் பார்க்கச் சொல். போனில் அவளிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு, அவர் முதுகு வலிக்கு ஆண்டவர் துணையிருக்கட்டும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். இதை சான் ஹொசே பஸ்ஸில் வரும் மார்த்தினா கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே சோள ரொஸ்கீயா பிஸ்கெட் ஒரு பை. வழியில் அவள் தின்றது போக மீதி உனக்கு.

உன் அண்ணன்,
நிக்கானோர் (இது நானே போட்ட கையெழுத்து)

பின்குறிப்பு: இந்தப் பின்குறிப்பையும் சேர்த்து இந்தக் கடிதம் எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் மூன்று விஷயம் நடந்துவிட்டது. ஐந்தாம் நாள் தோன்யா கார்லோத்தாவின் மகன் உங்கள் ஊரிலிருந்தே திரும்பி வந்துவிட்டான், இனிமேல் இங்கேயே இருந்து போன் கவர் விற்கப்போகிறானாம், அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சாவியைத் திரும்பக் கேட்டார். பெற்ற பிள்ளை வீடு திரும்பும்போது நான் எந்த வாயால் முடியாது என்று சொல்வேன்? ஆறாம் நாள் காலையில் யாஹோஸ்கா மெஷினை என் பழைய ஐஸ் வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்து நம் வீட்டு முன்னறையில், ஜன்னல் பக்கம், முதலில் கேட்டாளே, அதே இடத்தில் போட்டுவிட்டாள். பத்து நிமிஷ வேலை. ஒரு வாடிக்கையாளரும் தொலையவில்லை. ஏழாம் நாள் நான் மெஷின் மேல் மறந்து வைத்துவிட்டுப் போன இந்தக் கடிதத்தை அவள் முழுசாக வாசித்துவிட்டாள். "முற்றத்துக்குப் போனதே அத்தைகிட்ட வரலைன்னு சொல்லத்தான்ப்பா. நீங்க கேட்டா அழுவீங்கன்னு தள்ளிப் போனேன்" என்றாள். அப்படியானால் உனக்கு எல்லாம் முன்பே தெரியும். ஒன்பது நாளும் மூன்று பென்சிலும். இருந்தாலும் அனுப்புகிறேன், எழுதியதை வீணாக்க மனசில்லை. கட்டிலை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே, புனித வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் நாலு நாள் உன்னைப் பார்க்க வருகிறோம். பெரிய கடிதங்களில் நான் இனி வேகம் பிடிப்பேன், அடுத்த ஞாயிறு மறுபடி பென்சிலோடு உட்காருகிறேன். நீ பதில் அனுப்பினால் கொண்டுவருகிறவரிடம் சினிமாக் கொட்டகை, மஞ்சள் கேட் என்றெல்லாம் சொல்லிக் குழப்பாதே. நம் வீட்டு முகவரி மாறிவிட்டது, இப்போது ஒரே மூச்சில் சொல்லலாம்: யாஹோஸ்காவின் கடை இருந்த இடத்திலிருந்து கீழே இரண்டு தெரு.